இலவசமாகக் கிடைப்பதற்கு ஒரு கொட்டேஷன்

அந்தக் கொட்டேஷனை முதலில் பார்த்தபோது, யாருக்கோ போக வேண்டிய காகிதம் என் மேசைக்கு மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிற எங்கள் நிறுவனம், ஊருக்கு ஊர் இருக்கிற கூட்டுறவு வங்கிகளுக்குக் கணினி வேலை செய்து கொடுக்கிறது. அங்கே பர்சேஸ் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஜெனரேட்டருக்கு டீசல், யு.பி.எஸ். பேட்டரி, நாற்காலி, தண்ணீர் கேன், ஏ.சி. சர்வீஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் வரும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, அதில் குறைந்ததைப் பிடித்து, அதையும் இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்பது என் வேலை. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தண்ணீர் கேன்காரர் என்னைப் பார்த்தாலே, "மேடம், ரேட்டப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

கணினி சம்பந்தமான சந்தாக்களை அதுவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் அந்தக் கோப்புகள் என்னிடம் வந்தன. அதில் முதலில் புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது இதுதான்: மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கணினிக்கான லினக்ஸ், ஒரு வருடச் சந்தா, ஒரு ப்ராசஸருக்கு இவ்வளவு வீதம் இரண்டு ப்ராசஸர்களுக்கு. அடியில் இருந்த மொத்தத் தொகையை இரண்டு முறை இலக்கம் எண்ணிப் பார்த்தேன். பருத்திப்பட்டில் ஏரி ஓரமாக நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டுக்கு நானும் என் கணவரும் ஆறு வருடம் சேர்த்துக் கொடுத்த முன்பணத்தைவிட அது அதிகம். அதுவும் வருடா வருடம்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் தொகை மட்டும் இல்லை. லினக்ஸ் என்பது கணினியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருந்த பழைய லேப்டாப் படுத்துவிட்டபோது ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத்தான் போட்டுக் கொடுத்தார். "இதுக்குக் காசு கெடையாதும்மா, ஃப்ரீ. யார் வேணா எடுத்துக்கலாம். போட்ட கூலி மட்டும் குடுங்க" என்றார். லேப்டாப் அதற்குப் பிறகு நன்றாகத்தான் ஓடியது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு எங்கள் நிறுவனம் இத்தனை வருடமாக ஒரு வீட்டின் முன்பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது! யாரோ நம் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் செலவைக் குறைப்பதற்கென்றே கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்திருந்தார். அவரிடம் போவதற்கு முன், விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

கீழே சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர் பூந்தமல்லிக்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் அங்கே துணி வியாபாரம், இவர் மட்டும் கணினி படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள். எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பதினாறு வருடத்தில் நான் அந்த அறைக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை.

"இன்னா மேடம், நீங்களே எறங்கி வந்துக்கீறீங்க? ஏ.சி.காரன் பில்லு இன்னும் வரலியா?" என்றார்.

கொட்டேஷனை நீட்டினேன். "இது இன்னா பாய்? ஃப்ரீயா கெடைக்கறதுக்கு இவ்ளோ காசா?"

அவர் அதை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மொதல்ல உள்ள வாங்க. எதுக்குக் காசு குடுக்கறீங்கன்னு பாத்துட்டுப் பேசலாம்" என்று கதவைத் திறந்தார்.

உள்ளே குளிர் எலும்பில் இறங்கியது. காது அடைக்கிற இரைச்சல். மின்விசிறிகளின் இரைச்சல் என்றார். ஒரு வரிசை முழுக்க விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும், மண்டபம் நிறைய இயந்திரங்கள் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அங்கே இருந்தது ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒரே ஒரு கறுப்புப் பீரோ. எங்கள் வீட்டு பீரோவைவிட அகலம் குறைவு.

"இதுவா?"

"இதான். ரெண்டு பக்கம் இருக்கற டிஸ்க்க விட்டா வேற எதுவும் கெடையாது. இதுக்குள்ள இப்போ நூறு சர்வருக்கு மேல ஓடிக்கினு கீது மேடம்."

"நூறா? எங்கே?"

"உள்ளதான். ஒவ்வொண்ணும் இந்த மெஷினே தனக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு கீது. ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது. எங்கியோ ஒரு ஊர்ல, பேங்க்ல ஒருத்தர் பணம் போடறாரு. இன்னொரு ஊர்ல ஒரு அம்மா நகைக்கடன் வட்டி கட்டறாங்க. அல்லாம் இங்கதான் வந்து போவுது."

நான் பீரோவின் கதவில் கை வைத்தேன். லேசான அதிர்வு. வெதுவெதுப்பு. தமிழ்நாட்டின் எந்தெந்த ஊரிலோ எவரெவரோ வரிசையில் நின்று கட்டுகிற பணமெல்லாம் என் உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் கையை எடுக்கத் தோன்றவில்லை.

"போன மாசம் ஒரு பவர் சப்ளை பார்ட் வந்துச்சே, நீங்கதான் கேட் பாஸ் போட்டீங்க, ஞாபகம் கீதா? அது இதுக்குத்தான். பழசக் கழட்டி புதுசு மாட்டனோம். மெஷின நிறுத்தவே இல்ல. எந்த ஊர்லயும் எந்த பேங்க்லயும் ஒருத்தருக்கும் தெரியாது."

அந்த கேட் பாஸ் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு அட்டைப்பெட்டி, எடை இவ்வளவு, திருப்பி எடுத்துப்போக வேண்டிய பழைய பாகம் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஓடுகிற பஸ்ஸில் சக்கரம் மாற்றுவதற்கு அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் காதடைப்பு விட்டது. வந்த வேலையை மறக்கவில்லை. "சரி பாய், மெஷின் பெருசுதான். அதுக்குத் தனியா காசு குடுக்கறோம். லினக்ஸுக்கு எதுக்குக் குடுக்கறோம்?"

"லினக்ஸ் ஃப்ரீதான் மேடம். அதுல பொய் இல்ல. இவங்க இன்னா பண்றாங்கன்னா, உலகத்துல ஆயிரம் பேர் ஆயிரம் எடத்துல எழுதினத எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவுதான்னு பாத்து, இந்த மெஷின்ல ஓட்டிப் பாத்து, பேக் பண்ணிக் குடுக்கறாங்க. இது இந்த மெஷின்ல ஓடும், பத்து வருஷம் எது ஒடஞ்சாலும் நாங்க பாத்துக்கறோம்னு கையெழுத்து போடறாங்க. அந்தக் கையெழுத்துக்குத்தான் காசு."

"பேக் பண்ணாம, கையெழுத்து இல்லாம, சும்மா கெடைக்கறதையே எடுத்துப் போட முடியாதா?"

அவர் கொட்டேஷனை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "முடியும். ஓடும். நல்லாவே ஓடும். ஆனா..." என்றார்.

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். 'ஓடும்' என்ற சொல் கிடைத்ததுமே என் கால்கள் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டன.

மேனேஜருக்கு விஷயம் உடனே பிடித்துப்போயிற்று. "ஏனுங்க, இதை இத்தன வருசமா யாருமே கேக்கலீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். பாயைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு ப்ராசஸர்களில் ஒன்று நிஜமான வங்கி வேலைக்கு, இன்னொன்று புது விஷயங்களை முதலில் போட்டுப் பார்க்கிற சோதனை வேலைக்கு என்று பாய் விளக்கினார். அப்படியானால் சோதனைப் பக்கத்தை முதலில் இலவச லினக்ஸுக்கு மாற்றுவது, ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் வங்கி வேலையையும் மாற்றிவிடுவது என்று முடிவானது. சந்தாவை ஒரே ஒரு ப்ராசஸருக்கு மட்டும் புதுப்பித்தோம். பாதித் தொகை அன்றைக்கே மிச்சம். மாதாந்திரக் கூட்டத்தில் மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். பட்டரவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அந்தக் கைதட்டல் கேட்டுக்கொண்டே வந்தது.

இலவச லினக்ஸ் ஓடவும் செய்தது. ஐந்து மாதம் ஒரு குறை இல்லை. சோதனைப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க ஏதாவது பழைய கோப்புகள் வேண்டுமென்று பாய் கேட்டபோது, என் பர்சேஸ் பட்டியல்களையே பல வருடத்துக்குச் சேர்த்துக் கொடுத்தேன். வங்கிக்காரர்களின் விவரத்தைச் சோதனைக்கு எடுக்கக்கூடாது. என் டீசலையும் தண்ணீர் கேனையும் எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆறாவது மாதம் தொடங்கியதும் பாய் போன் செய்தார். பட்டியல்களைத் திரையில் காட்டுகிற புது ஏற்பாடு ஒன்று செய்திருப்பதாகவும், என் கோப்புகள் என்பதால் நான் ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். காலையில் வேலை குறைவாக இருந்த நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் கண் நின்றது. எங்களுக்கு டீசல் போடுகிறவரின் முகவரியில் நசரத்பேட்டை என்ற பெயரின் நடுவில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. அதே முகவரியை என் விரலாலேயே நூறு தடவையாவது அடித்திருப்பேன்.

"பாய், எல்லாம் நல்லா இருக்கு. நசரத்பேட்டைய மட்டும் உங்க ஆளு யாரோ தப்பா அடிச்சிருக்காங்க, சரி பண்ணிடுங்க" என்றேன் போனில்.

"யாரும் அடிக்கலியே மேடம். அது நீங்க குடுத்த ஃபைலோட காப்பி. அப்டியே போட்டது."

"அப்போ நான் குடுத்ததுலயே தப்பா?"

"இருங்க, பாக்கறேன்" என்றவர், போனை வைக்காமலே எதையோ தட்டினார். பிறகு, "மேடம், கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது.

அவர் திரையில் இடது பக்கம் நான் கொடுத்த மூலம், வலது பக்கம் சோதனைப் பக்கத்தில் இருந்த நகல். இடது பக்கத்தில் நசரத்பேட்டை சரியாக இருந்தது. வலது பக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இடையில் எந்த மனிதக் கையும் படவில்லை.

"மெஷினே மாத்திடுச்சா?" என்று கேட்டேன்.

"மாத்தியிருக்கு. ஒரு எழுத்து மாறுதுன்னா ஒரு நம்பரும் மாறும் மேடம்."

அடுத்த மாதம் இதே லினக்ஸை வங்கி வேலைக்குப் போடுவதாக இருந்தோம். எங்கோ ஓர் ஊரில் வட்டி கட்டுகிற அந்த அம்மாவின் கணக்கில் ஓர் எண் மாறியிருந்தால்? அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கப்போவது நான்தான்.

அடுத்த இரண்டு நாள் பாய் அந்த நாற்காலியை விட்டு எழுந்தது தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும்தான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் மணிக்கு ஒரு தரம் கீழே போய் நின்றேன். அவருக்கும் சேர்த்து கேட் பக்கத்து டீக்கடையிலிருந்து டீ கொண்டுபோனேன். அவர் செய்ததைப் பார்த்து எனக்கு வியப்பு தாளவில்லை. லட்சக்கணக்கான வரிகளில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது ஏன் மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். டிஸ்க் இல்லை. நெட்வொர்க் இல்லை. என் கோப்பு இல்லை. கடைசியில் ஓரிடத்துக்கு வந்து நின்றார். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த இயந்திரம் கோப்புகளைச் சுருக்கி வைக்கும், கேட்கும்போது விரித்துக் கொடுக்கும். சுருக்குவதற்கென்றே அதற்குள் தனியாக ஒரு சில்லு உண்டு. அந்தச் சில்லோடு பேசுகிற லினக்ஸின் பகுதியில், குறிப்பிட்ட ஒரு நீளத்தில் கோப்பு வந்து சேரும்போது மட்டும், எப்போதோ ஒருமுறை, ஓர் எழுத்து தவறிவிடுகிறது. இரண்டாம் நாள் மாலை, அந்தத் தவறை மட்டும் திரும்பத் திரும்ப வரவழைக்கிற இருபது வரி நிரல் ஒன்றை எழுதி முடித்தார்.

மூன்றாம் நாள் காலை அதை ஒரு மின்னஞ்சலில் வைத்து அனுப்பினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"யாருக்கு அனுப்பறீங்க?"

"யாருக்குன்னு இல்ல மேடம். லினக்ஸோட இந்தப் பகுதிய எழுதறவங்க, பாக்கறவங்க அல்லாரும் இருக்கற ஒரு லிஸ்ட்டு கீது. அதுக்கு."

"யாரு பதில் போடுவாங்க?"

"யாராச்சும்."

"எப்போ?"

"தெரியாது. இன்னிக்கும் வரலாம். வராமயும் போலாம். நாம யாருக்கும் காசு குடுக்கலியே, எப்ப வரும்னு கேக்க."

நான் மேலே வந்துவிட்டேன். உலகத்தில் யார் யாரோ இருக்கிற ஒரு பட்டியலுக்கு, அம்பத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய கடிதத்தை, யார் எதற்காகத் திறந்து படிப்பார்கள்? என் வேலையில் காசோலை போன பிறகும் பத்து தடவை போன் செய்தால்தான் ஆள் வருவான்.

மாலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாய் கூப்பிட்டார். "மேடம், வந்திருக்கு."

ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். பாய் அந்த ஆங்கிலத்தைப் படித்துக் காட்டினார். உங்கள் சிறு நிரல் மிகத் தெளிவாக இருந்தது, அதை என் இயந்திரத்தில் ஓட்டினேன், எனக்கும் அதே தவறு வருகிறது என்று தொடங்கியிருந்தது. அடுத்த வரி இன்னும் எனக்கு மனப்பாடம். அந்தப் பகுதியை எழுதியது நான், தவறு என்னுடையது, மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே திருத்தம். ஆறு வரி.

பாய் அந்த ஆறு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "பாருங்க மேடம், எவ்ளோ அழகா போட்டுக்கீறாங்க. ஃபைலு முடியற எடத்துல இன்னும் மீதி இருக்கான்னு பாக்க மறந்துட்டாங்க. அவ்ளோதான்." திருத்தத்தைப் போட்டு, மறுநாள் பகல் முழுவதும் என் பர்சேஸ் பட்டியல்களைச் சுருக்கியும் விரித்தும் ஓட்டினார். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எனக்கு அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. "நானும் ஒரு வரி எழுதலாமா பாய்?" என்று கேட்டு, முகவரியை என் நோட்டில் எழுதிக்கொள்ளக் குனிந்தேன். எழுதிக்கொண்டே வந்த கை நின்றது. அவர் பெயருக்குப் பின்னால் இருந்த நிறுவனத்தின் பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நான் மிளகாய் அரைத்தார்கள் என்று நினைத்த அதே நிறுவனம். எந்தக் கொட்டேஷனைப் பாதியாக வெட்டி நான் கைதட்டல் வாங்கினேனோ, அந்தக் கொட்டேஷனின் தலைப்பில் இருந்த பெயர்.

"பாய், இவங்க அந்தக் கம்பெனியா?"

"ஆமா மேடம்."

"நாம இவங்களுக்குக் காசு குடுக்கறத நிறுத்திட்டு ஃப்ரீக்கு மாறினோம். ஃப்ரீல தப்பு வந்ததும் இவங்களே வந்து சரி பண்றாங்களா?"

"இந்த மெஷின்ல லினக்ஸ் ஓடறதுக்கு உலகத்துலயே கொஞ்சம் பேர்தான் எழுதறாங்க. அவங்க சம்பளம் எங்கனா ஒரு எடத்துலேர்ந்து வரணும் இல்ல? இந்த மாதிரி சந்தாலேர்ந்துதான் வருது. எழுதறத மட்டும் பூட்டி வெச்சுக்க மாட்டாங்க. காசு குடுத்தவனுக்கும் அதான், குடுக்காதவனுக்கும் அதான்."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். அதான் 'ஆனா'ன்னேன். நீங்க படி ஏறிட்டீங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சூடாகியது. இத்தனை வருடமாக நான் வாங்கிய எதிலும் இப்படி ஒன்று கிடையாது. நான் டீசலுக்குக் காசு கொடுத்தால் டீசல் எனக்குத்தான் வரும். பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டருக்கும் சேர்த்து ஊற்றுகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. இங்கே என்னவென்றால், காசு கொடுக்கிற சில நூறு பேரின் பணத்தில் ஒரு பெண் உட்கார்ந்து எழுதுகிறார், அது ஊர் உலகத்துக்கெல்லாம் போய்ச் சேருகிறது, காசு கொடுக்க மறுத்த எங்களுக்கும் வந்து சேருகிறது. வந்ததோடு மன்னிப்பும் கேட்கிறது. ஏமாற்று வேலை என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கறுப்புப் பீரோவில் கை வைத்து நின்றபோது வந்த அதே மலைப்பு, இந்த முறை இன்னும் பெரிதாக வந்தது.

நான் எழுதிய நன்றிக்கு மறுநாளே பதில் வந்தது. திருத்தத்தை லினக்ஸில் சேர்க்கும்போது, தவறை முதலில் கண்டவர் யார் என்று ஒரு வரி போடுவது வழக்கம், பாயின் பெயரைப் போடலாமா என்று அந்தப் பெண் கேட்டிருந்தார். பாய், "மொதல்ல பாத்தது நீங்கதானே மேடம்" என்று சொல்லி, என் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். எனக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும்? டீசல் போடுகிறவர் முகவரியில் ஓர் எழுத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"அதத்தான் யாருமே பாக்கலியே" என்றார்.

அந்த வரி அப்படியே இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள் என்றும், அந்தத் திருத்தம் போகிற இடமெல்லாம் அதன் வரலாற்றில் அந்த வரியும் இருக்கும் என்றும் விளக்கினார். அன்று மாலை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தட்டில் இருந்த தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "உன் பேரா? உலகம் பூராவா?"

"ஆமா. ரெண்டு பேர் பேரும்."

"நாங்க இருவது வருஷமா செய்யறதுல எங்க பேரு எங்கயும் வரக்கூடாதுன்னு ரூலு" என்று சிரித்தார். பிறகு அந்த வரியைக் காட்டச் சொல்லி, போனில் பெரிதாக்கி, என் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தார்.

மேனேஜரிடம் போக வேண்டியது பாக்கி இருந்தது. பாயையும் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வங்கி வேலையை இலவசத்துக்கு மாற்றலாம் என்று சொன்னது என் அவசரம் என்பதையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மிச்சக் கணக்கை மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதியிருந்தாராம்.

"காசு குடுத்து வாங்கியிருந்தா இந்தத் தப்பு வந்தே இருக்காதுங்களா?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது சார்" என்றார் பாய். "ஆனா அவங்க புதுசா எழுதினத ஒடனே பேக் பண்ணிக் குடுக்க மாட்டாங்க. முக்கா வருஷம், ஒரு வருஷம் வெளிய ஓடவிட்டுப் பாப்பாங்க. அதுக்குள்ள யாராச்சும் தப்பக் கண்டுபுடிச்சிடுவாங்க. இந்த வாட்டி அந்த யாராச்சும் நம்ம மேடம்."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அப்படீன்னா ரெண்டு பக்கத்துக்கும் சந்தா கட்டிறலாமுங்களா?"

"வேணாம் சார். பேங்க் வேலைக்குக் கட்டுங்க. அதுல கையெழுத்து வேணும், போன் பண்ணா எடுக்கற ஆளு வேணும். சோதனைப் பக்கம் ஃப்ரீயே இருக்கட்டும். பேங்க் பக்கம் வரப்போற தப்பு நமக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும்."

"நாம காசும் கட்டறோம், அவங்களுக்குத் தப்பும் கண்டுபிடிச்சுக் குடுக்கறோமுங்களா? நல்ல நாயமா இருக்குதே!"

"அவங்களும் அப்டித்தான் சார் சொல்லிக்கணும். நம்மகிட்ட காசு வாங்காத வேலைக்கும் ஆளப் போட்டுச் செஞ்சாங்க இல்ல?"

மேனேஜர் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில், பாய் சொன்னபடியே செய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

புதுப்பிக்கிற நேரம் வந்ததும் அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் வந்து எதிரே உட்கார்ந்தார். நான் பேரம் பேசத்தான் செய்தேன், அது என் வேலை. மூன்று வருடத்துக்கு விலை ஏறாமல் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் எதிரே இருப்பவர் சொல்கிற தொகையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பேன். இந்த முறை, இதில் எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு போகும் என்று கேட்டேன். இளைஞர் திகைத்துப் போனார். இதுவரை எந்த பர்சேஸ் ஆபீசரும் அதைக் கேட்டதில்லை என்றார். அவருக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் பாய் ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். ஜெர்மனிக்காரப் பெண் எழுதியிருந்தார். அந்தச் சில்லுக்காகப் புதிதாக ஒரு பகுதி எழுதியிருக்கிறாராம். வெளியே விடுவதற்கு முன் எங்கள் சோதனைப் பக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

"பர்மிஷன் வேணுமா மேடம்?" என்றார் பாய்.

"செலவு எவ்ளோ ஆகும்?"

"ஒரு நாள் கரண்டு. அப்புறம் உங்க பர்சேஸ் லிஸ்ட்டு, இந்த வருஷத்துது."

பட்டியலைப் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு, அவரோடு நானும் கீழே இறங்கினேன்.